அடுப்புத் தீ என்று நான் எழுதிய வரி

2006-ஆம் ஆண்டு, தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது நடந்தது இது. சிவகாசிக்கும் சாத்தூருக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊருக்கு ஒரு வார லீவில் வந்திருந்தேன். வடக்கே ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் அப்போது முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அண்ணனும் மதினியும் பட்டாசு ஆலையில் வேலை பார்த்துத்தான் என்னைப் படிக்கவைத்தார்கள். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நான் நன்றிகெட்டவள்.

என்ன படிக்கிறாய் என்று ஊரில் யாராவது கேட்டால், சொல்லிப் புரியவைப்பதற்குள் அவர்கள் போக வேண்டிய பஸ் வந்துவிடும். இங்கேயும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். வானத்தில் சில இடங்கள் வருஷக்கணக்காக இருட்டாகவே கிடக்கும். திடீரென்று ஒருநாள் அங்கிருந்து எக்ஸ்-கதிர் கொட்டும். ஒரு நட்சத்திரத்தின் வாயுவைப் பக்கத்தில் இருக்கும் கருந்துளை விழுங்கும்போது அப்படி ஆகும். சில நாளோ சில வாரமோ எரிந்துவிட்டு மறுபடியும் அடங்கிவிடும். காற்று மண்டலத்தைத் தாண்டி அந்தக் கதிர் தரைக்கு வராது என்பதால், விண்வெளியில் சுற்றும் தொலைநோக்கியில்தான் பார்க்க முடியும். வானம் முழுக்க ரோந்து சுற்றும் ஒரு செயற்கைக்கோள் முதலில் அதைக் கண்டுபிடிக்கும். அதைக் கவனிக்கும் குழுவினர், வானத்தில் இன்ன இடத்தில் என்று எண்களோடு உலகத்துக்கெல்லாம் மின்னஞ்சல் அனுப்புவார்கள். அதை நம்பி எங்களைப் போன்றவர்கள், பெரிய தொலைநோக்கியைக் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் திருப்புங்கள் என்று அவசர விண்ணப்பம் போடுவோம். அப்படித் தொடர்ந்து பார்ப்பதுதான் என் வேலை. இரண்டரை வருஷமாக அப்படி ஒன்று எரியாதா என்று காத்துக்கிடந்தேன்.

நான் ஊருக்கு வந்த மூன்றாம் நாள் ஒன்று எரிந்தது. வடக்கே இருந்த என் பேராசிரியர் விண்ணப்பம் போட்டு, அனுமதியும் கிடைத்துவிட்டதாகப் போனில் சொன்னார். ஐந்தாம் நாள் விடியற்காலையில் தொலைநோக்கி பார்த்து முடித்திருக்க வேண்டும். அன்று மத்தியானம் சிவகாசிக்குப் போய் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தால் முடிவு வந்திருக்கும் என்று தலைகால் புரியாத சந்தோஷத்தில் இருந்தேன்.

பதினோரு மணிக்கு லோடு வேன் ஒன்று தெருவுக்குள் வந்து நின்றது. அண்ணனும் மதினியும் வேலை பார்க்கும் ஆலையின் போர்மேன் முன்சீட்டில் இருந்து இறங்கினார். எங்கள் ஊர்க்காரர்தான், சின்ன வயதிலிருந்து அண்ணாச்சி என்று கூப்பிட்டுப் பழகியவர். "தங்கச்சி, பதறாதீக. மதினிக்கு லேசாக் கை சுட்டுப்போச்சு. ஏறுங்க" என்றார். பின்னால் எட்டிப் பார்த்தேன். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் மதினியை அண்ணன் மடியில் சாய்த்து வைத்திருந்தான். இரண்டு கையும் முழங்கை வரைக்கும் வெந்திருந்தது. சேலை தொடையோடு ஒட்டிப்போயிருந்தது. லேசாம்!

நடந்தது இதுதான். ஆலையில் ஓர் அறைக்குள் இத்தனை பேர்தான் உட்காரலாம், இவ்வளவு மருந்துதான் வைக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. பட்டாசுக் கலவையைத்தான் எங்கள் பக்கம் மருந்து என்போம். சீசன் வந்துவிட்டால் அந்தச் சட்டம் சுவரில் மாட்டிய போர்டோடு சரி. ஆர்டர் குவிந்து கிடக்கும், அறை போதாது, ஆட்களை மரத்தடியில் உட்கார வைத்துவிடுவார்கள். வானத்தில் போய்ப் பச்சையாக விரிகிற வெடிக்கான மருந்து உருண்டைகளை மதினி வேப்ப மரத்தடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உரசலோ வெயிலோ, குப்பென்று பற்றிவிட்டது. வாளித் தண்ணீரை ஊற்றி அணைத்து, கிடைத்த வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள்.

சிவகாசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். போகிற வழியிலேயே அண்ணாச்சி பாடத்தை ஆரம்பித்துவிட்டார். "அடுப்புன்னு சொல்லிருங்க தங்கச்சி. ஆலைன்னு வந்துச்சுன்னா சீல் வச்சிருவாக. சீசன் நேரம். நம்ம ஊரு ஆளுக அம்புட்டுப் பேரும் வீட்டுல உக்காரணும். செலவெல்லாம் கம்பெனி பாத்துக்கிரும்."

ஆஸ்பத்திரி கவுண்டரில் இருந்தவரைச் சொல்கிறேன் கேளுங்கள். நாங்கள் வாயே திறக்கவில்லை. மதினியின் கையைப் பார்த்தார், அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தார், அட்மிஷன் பாரத்தை எடுத்து நீட்டினார். "அடுப்புத் தீதான?" என்று அவரே கேட்டார். எத்தனை பேரைப் பார்த்திருந்தால் இப்படிக் கேட்பதற்கு நாக்கு பழகியிருக்கும்! இந்த வட்டாரத்தில் எரிந்ததாக எழுதிய அடுப்புகளை எல்லாம் கூட்டினால், ஊருக்கு ஊர் தினமும் கல்யாணப் பந்தி நடந்தாலும் அத்தனை அடுப்பு இருக்காது.

இவ்வளவு ஆத்திரப்பட்ட நான் என்ன செய்தேன் தெரியுமா? அண்ணன் மதினியின் பக்கத்தை விட்டு நகரவில்லை. படித்த பிள்ளை என்று பாரத்தை என்னிடம் தள்ளினார்கள். எப்படி நடந்தது என்ற கட்டத்துக்கு நேராகப் பேனாவை வைத்துக்கொண்டு மதினியைப் பார்த்தேன். ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடியே அவள், "அடுப்புன்னே எழுது பாப்பா. எம்பொருட்டு ஒருத்தரு பொழப்பும் கெட வேண்டாம்" என்றாள். எழுதினேன். 'வீட்டில் மண்ணெண்ணெய் அடுப்பு வெடித்து' என்று, வெடித்த நேரத்தோடு சேர்த்து, அழகான கையெழுத்தில் எழுதினேன். கீழே கையெழுத்தும் போட்டேன்.

டியூட்டி டாக்டர் வேறு மாவட்டத்துக்காரர், வந்து ஒரு மாதம்தான் ஆகிறது என்று பிறகு தெரிந்தது. நான் எழுதியதைப் படித்தார். அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார். கல்யாணமான பெண் அடுப்பு வெடித்து வந்தால் ஒரு டாக்டருக்கு என்ன தோன்றும்? எங்களுக்கு அந்த யோசனையே இல்லை. எங்கள் பக்கம் அடுப்பு என்றால் ஆலை என்று எல்லோருக்கும் தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. புண்ணைத் துடைத்து, களிம்பு போட்டு, கட்டுக் கட்டி, வலி தெரியாமல் இருக்க ஊசி போட்டார். நர்ஸ் ஒரு பெண், இந்த ஊர்க்காரிதான், தோலில் ஒட்டியிருந்த சாம்பல் நிறப் பொடியைப் பார்த்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அவளும் ஒன்றும் பேசவில்லை.

மூன்று மணி வாக்கில் மதினி கண் அசந்தாள். "நீ போய் ஒன் வேலையப் பாத்துட்டு வாத்தா, நான் இருக்கேன்" என்று அண்ணன்தான் அனுப்பிவைத்தான். எதிர்ச்சாரியிலேயே பிரவுசிங் சென்டர். பேராசிரியரிடமிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. திறந்தால் இரண்டே வரி. தொலைநோக்கி பார்த்த இடத்தில் ஒன்றுமே இல்லை. முதல் அறிவிப்பில் இடத்தைக் குறிக்கும் எண்கள் தப்பு.

அதாவது, முதன்முதலில் உலகத்துக்கு அறிவித்தவர் அவசரத்தில் இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதிவிட்டார். அதை அப்படியே எடுத்து நாங்கள் விண்ணப்பத்தில் போட்டோம். தொலைநோக்கியும் சொன்ன பேச்சைக் கேட்டு அந்தப் பக்கம் திரும்பி, மணிக்கணக்காக வெறும் வானத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறது. அது எரிந்துகொண்டிருந்த இடம் வேறு. இன்னும் சில நாளில் அடங்கியும் விடும்.

காலையிலிருந்து யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் உள்ளே கிடந்த கோபம் எல்லாம் ஒரு வாசலைக் கண்டுகொண்டது. முன்பின் தெரியாத அந்த விஞ்ஞானிக்கு நேராக எழுத உட்கார்ந்தேன். எங்கள் குழுவில் யாரிடமும் கேட்கவில்லை. எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு சரளமாக அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. முதலில் எழுதுகிறவருக்கு ஒரு பொறுப்பு வேண்டாமா, உங்கள் ஒரு வரியை நம்பித்தானே மற்றவர்கள் எல்லோரும் அந்தப் பக்கம் பார்க்கிறார்கள், ஒரு தடவை சரிபார்த்து எழுதினால் கை தேய்ந்தா போய்விடும் என்று வாங்குவாங்கென்று வாங்கினேன். பக்கத்து சீட்டில் ஏதோ ரிசல்ட் பார்த்துக்கொண்டிருந்தவர் நான் கீபோர்டைத் தட்டிய தட்டில் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

அனுப்புகிற நேரத்தில் செல்போன் அடித்தது. ஆஸ்பத்திரி கவுண்டரிலிருந்து அண்ணன் பேசினான். "மதினிக்குக் காலு அசைய மாட்டேங்கு பாப்பா. கழுத்தத் தூக்க முடியல. டாக்டரு பயத்துல வந்ததுங்காரு. என்னிய வெளிய போயி நிக்கச் சொல்லிட்டாரு. அவகிட்ட என்னமோ தனியாக் கேக்காக" என்றான்.

தீக்காயம் கையிலும் தொடையிலும். கழுத்தை ஏன் தூக்க முடியவில்லை? போனைக் காதில் வைத்தபடியே கண் மானிட்டருக்குப் போனது. முதலில் எழுதுகிறவருக்கு ஒரு பொறுப்பு வேண்டாமா என்று நான் அடித்த வரி அங்கே நின்றது. மின்னஞ்சலை அனுப்பவும் இல்லை, மூடவும் இல்லை, எழுந்து ஓடினேன்.

வார்டில் அந்த நர்ஸ் மதினியின் காதருகில் குனிந்து, "புருஷன் ஏதும் பண்ணினாரா? பயப்படாம சொல்லுங்க" என்று டாக்டர் கேட்கச் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்கும்போதே அவளுக்கு முகம் சரியில்லை. மதினிக்குப் பேச வாய் எழும்பவில்லை, கண் மட்டும் என் பக்கம் வந்தது. அண்ணன் கதவுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவள் கையில் தண்ணீரை ஊற்றி அணைத்தவன் அவன். அவனைக் குற்றவாளியாக நிறுத்தியது யார்? போலீஸ் இல்லை, டாக்டர் இல்லை. என் கையெழுத்து.

"சார், அது அடுப்பு இல்லை. நான் எழுதினது பொய். பட்டாசு ஆலையில மருந்து பத்திக்கிட்டது" என்றேன் டாக்டரிடம்.

அவர் பேசுவதற்குள் அண்ணாச்சி குறுக்கே வந்துவிட்டார். "பொம்பளப் பிள்ள பதட்டத்துல உளறுது சார். அடுப்புதான். நான் அங்கனதான இருந்தேன்" என்றார்.

வாழ்க்கையில் ஒரு பெரியவரை நான் அப்படிப் பேசியது அன்றைக்குத்தான். "நீங்க எந்த அடுப்படியில அண்ணாச்சி இருந்தீக? எங்க வீட்டு அடுப்படிக்கு உங்களுக்கு என்ன சோலி? இன்னொரு வார்த்தை பேசுனீக, இப்பவே நடுரோட்டுல நின்னு கத்துவேன்" என்று கத்தினேன். ஏற்கனவே கத்திக்கொண்டுதான் இருந்தேன். வார்டில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். அண்ணாச்சி சுவரோடு ஒதுங்கிப் போனார்.

டாக்டர் கேட்டார். "என்ன மருந்து அது?"

"பச்சை வெளிச்சத்துக்குப் போடுறது. பேரியம்."

அவர் முகம் மாறியதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மதுரையில் இருந்த தன் ஆசிரியருக்குப் போன் போட்டார், அவசரமாக ரத்தம் எடுக்கச் சொன்னார், நெஞ்சில் ஒயர்களை ஒட்டச் சொன்னார். கட்டுகளை எல்லாம் அவிழ்த்து, புண்ணில் மிச்சமிருந்த பொடி போகிற வரைக்கும் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். அந்த நர்ஸ்தான் பக்கத்தில் நின்று, "இங்கயும் இருக்கு சார், இங்கயும் இருக்கு" என்று ஒவ்வொரு இடமாகக் காட்டிக்கொடுத்தாள். கட்டுப் போடும்போது பேசாத பெண் அவள். பேசாமல் இருந்தது அவள் மட்டும்தானா?

அந்தப் பேரியம் புண் வழியாக ரத்தத்தில் கலந்தால், ரத்தத்தில் இருக்கும் பொட்டாசியம் மளமளவென்று இறங்கிவிடுமாம். கை கால் விழும், பிறகு மூச்சு விடுகிற தசையும் நின்றுபோகும், இதயமும் தாறுமாறாக அடிக்கும். பரிசோதனை முடிவில் அப்படித்தான் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. பொட்டாசியம் ஏற்ற ஆரம்பித்தார்கள். திரையில் ஓடிய இதயத் துடிப்பின் கோட்டைப் பார்த்துப் பார்த்து, சொட்டுக் கணக்காக ஏற்றினார்கள். மூச்சு நின்றால் போடுவதற்குக் குழாயை எடுத்துப் பக்கத்தில் வைத்திருந்தார்கள்.

கொஞ்சம் நிதானம் வந்த பிறகு டாக்டர் என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. "என்ன படிக்கிறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். கேட்டுவிட்டு, "நீங்க எழுதினதை நம்பித்தானேம்மா நான் பார்த்தேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்தப் பாரத்தைக் கேஸ் ஷீட்டோடு நீட்டி, நான் எழுதிய வரியை என்னையே அடிக்கச் சொன்னார். உண்மையை மேலே எழுதி, பக்கத்தில் நேரம் போட்டுக் கையெழுத்திட்டேன். அவரும் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலையில் மதினி கால் கட்டைவிரலை அசைத்தாள். அண்ணன் அதை மறுபடி மறுபடி அசைக்கச் சொல்லிப் பார்த்தான். "எம்புட்டுத் தடவடா அசைக்க?" என்று அவள் எரிந்து விழுந்தபோது, கட்டிய புருஷனை அவள் டா போட்டதை நாங்கள் யாரும் கண்டுகொள்ளவில்லை.

இரண்டு நாள் கழித்து பிரவுசிங் சென்டருக்குப் போனேன். முதல் அறிவிப்பை எழுதிய அந்த விஞ்ஞானி, நான் வைதுகொண்டிருந்த அதே நாளிலேயே திருத்தம் அனுப்பியிருந்தார். தவறு என்னுடையது, சரியான எண்கள் இவை, நேரத்தை இழந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று தன் பெயரைப் போட்டு ஊரறிய எழுதியிருந்தார். என் பேராசிரியர் மறுபடி கேட்டு, தொலைநோக்கி இரண்டாம் முறை சரியான பக்கம் திரும்பி, அடங்கப்போகிற நேரத்தில் அதைக் கொஞ்சம் பிடித்திருந்தது. என் ஆய்வுக்கு அது போதவும் போதாது, வீணும் இல்லை. நான் பாதியில் விட்ட மின்னஞ்சல் வரைவில் அப்படியே கிடந்தது. அதை முழுக்கப் படிக்கக்கூடத் தெம்பில்லாமல் அழித்தேன்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். லீவை நீட்டிக்கொண்டு ஊரிலேயே இருந்தேன். பன்னிரண்டாம் நாள் டிஸ்சார்ஜ். கவுண்டரில் அதே ஆள், டைப் செய்த காகிதத்தை நீட்டினார். 'வீட்டில் அடுப்பு எரியும்போது ஏற்பட்ட தீக்காயம்' என்று இருந்தது. கேஸ் ஷீட்டில் நானே அடித்துத் திருத்தி, டாக்டரும் கையெழுத்துப் போட்ட பிறகு மறுபடியும் எங்கிருந்து வந்தது அந்த அடுப்பு?

கேட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "கம்பெனி ஆளுக வந்து எல்லாம் பேசிட்டுப் போயிட்டாகம்மா. ஒங்களுக்கும் பிரச்சினை இல்ல, அவுகளுக்கும் இல்ல. உயிரோட வீட்டுக்குப் போறீக, பேப்பர்ல என்ன இருந்தா என்ன?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் மதினியின் குரல் கேட்டது. சக்கர நாற்காலியில் இரண்டு கையும் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். "அன்னைக்கு அடுப்புன்னு எழுதச் சொன்னது நாந்தான். செத்திருந்தேன்னா எம் புருஷன் என்னியக் கொளுத்திட்டான்னுல்ல ஆயிருக்கும்? எம் பிள்ளைக அப்பனப் பத்தி என்னன்னு நெனச்சு வளரும்? மாத்துங்க. மாத்துத வரைக்கும் நான் இங்கனதான் இருப்பேன்" என்றாள்.

அண்ணாச்சி வாசலிலிருந்து வந்து, "ஏத்தா, ஊரு பொழப்ப நெனச்சுப் பாரு" என்று ஆரம்பித்தார்.

"மரத்தடியில உக்காத்தி வைக்கும்போது நீங்க நெனச்சீகளா அண்ணாச்சி?" என்று கேட்டாள் மதினி. குரல் உயரவே இல்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியது. வருகிற நோயாளிகள் எல்லாம் சக்கர நாற்காலியைச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. நாங்கள் நகரவில்லை. கடைசியில் அந்த டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்து வந்து, காகிதத்தைப் படித்துவிட்டு, எல்லோர் முன்னாலும் நான்காகக் கிழித்தார். புதிதாக டைப் அடித்து வந்ததில் ஆலை என்றும் மரத்தடி என்றும் பேரியம் என்றும் இருந்தது. அதை வாங்கிக்கொண்டுதான் கிளம்பினோம்.

அதன் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். அதிகாரிகள் வந்தார்கள். ஆலைக்குச் சீல் வைத்தார்கள், மூன்று வாரம் திறக்கவில்லை. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு வேலை இல்லை. படித்த திமிர் என்று என் காதுபடவே சொன்னார்கள். மதினியைப் பார்க்க வந்தவர்களைவிட, எங்கள் வீட்டைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள்தான் அதிகம். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்கள் வீட்டு அடுப்பும்தானே எரியவில்லை. ஆலை மறுபடி திறந்தபோது மரத்தடியில் யாரையும் உட்கார வைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். எத்தனை நாளைக்கு என்று தெரியாது. அண்ணனையும் மதினியையும் அவர்கள் திரும்பக் கூப்பிடவும் இல்லை. மதினிக்கு வலது கையில் இரண்டு விரல் முழுதாக மடங்காது. இப்போது வீட்டிலேயே சின்னதாக மாவு மில் வைத்திருக்கிறார்கள்.

இத்தனை வருஷத்தில் நான் எத்தனையோ அறிவிப்புகளை எழுதிவிட்டேன், ஒவ்வொன்றையும் அனுப்பும் முன் நான்கு முறை சரிபார்க்கிறேன். ஆனாலும் அடுப்புத் தீதான என்று கேட்டவர் மேலும் எழுதச் சொன்ன அண்ணாச்சி மேலும் இருந்த ஆத்திரம் கொஞ்சமாவது தணிந்திருக்கிறது, தெரிந்தே அதை எழுதிய என் மேல் இருக்கும் ஆத்திரம் மட்டும் இன்னும் தணியவில்லை, தணியவும் வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன்.